முத்தியால்பேட்டை மாடியிலிருந்து பத்து நிமிடம்

ஒரு கையில் மைக், மறு கையில் நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த தாள், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பெயரைச் சொல்வார், ஒரு மூச்சு விடுவார், அப்புறம் அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பிரெஞ்சில் வாசிப்பார். முடிவில் மறக்காமல் "ஓவர்" என்பார். மேல்மாடி பாயின் பிரெஞ்சு எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிரெஞ்சு. ஒலிக்காமல் விட வேண்டிய கடைசி எழுத்தையும் பாவம் பார்க்காமல் உச்சரித்துவிடுவார். பிரெஞ்சு டீச்சரான எனக்கு வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அன்று வரவில்லை. அவரை அப்படி வாசிக்க வைத்ததே நான்தான் என்பதும் அந்த நிமிடம் எனக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டையில் நாங்கள் கீழ்வீடு, பாய் குடும்பம் மேல்வீடு. தெருமுனையில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பகலெல்லாம் மிக்சியும் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாருமாகக் கிடப்பவர், சட்டையை மாற்றிக்கொண்டு மாடி ஏறினால் வேறு ஆள். பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. மொட்டை மாடியில் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா. அதைத் திருப்புவதற்குப் பழைய கார் வைப்பர் மோட்டாரை அவரே மாட்டியிருந்தார். பாயம்மா வடகம் காயப்போட இடமில்லாமல் புலம்புவார். "ஆகாசத்துல இருக்கறவங்களுக்குத்தான் இந்த வீட்ல மரியாதை" என்பது அவர் தினமும் சொல்லும் வசனம்.

ஆகாசத்தில் இருப்பவர்கள் என்றால் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள். அங்கேயும் ஒரு அமெச்சூர் ரேடியோ இருக்கிறது, அதில் பள்ளிப் பிள்ளைகள் விண்வெளி வீரர்களோடு பேசலாம் என்பதே எனக்குப் பாய் சொல்லித்தான் தெரியும். எந்த நாட்டுப் பள்ளி, எந்த நாள், எந்தப் பத்து நிமிடம் என்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். நிலையம் ஒரு ஊரின் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். எங்கள் கணக்கில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் பக்கம் ஏறி, வடக்கே காலாப்பட்டுப் பக்கம் இறங்கிவிடும். ஒரு பள்ளியின் தலைக்கு மேல் அது வருவது பிள்ளைகள் தூங்கும் நேரமாக இருந்தால், வேறு நாட்டில் பகலில் அதைப் பிடிக்கும் ஒரு ரேடியோக்காரரைத் தேடுவார்கள். பிள்ளைகள் போனில் பேச, அவர் அந்தக் குரலை ரேடியோவில் மேலே ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட இணைப்பு நிலையங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பதுதான் பாயின் கனவு. "நம்ம மாடியும் அதுல ஒரு வரியா இருக்கணும் டீச்சர்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

பல வருடக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒரு சோதனை வாய்ப்பு கிடைத்தது. பிரெஞ்சு பேசும் ஒரு தீவுப் பள்ளி, பதினாறு பிள்ளைகள், பதிலளிப்பவரும் பிரெஞ்சு பேசும் விண்வெளி வீராங்கனை. சரியாக நடந்தால் பட்டியலில் இடம். பாய் பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் யாராவது திருப்பிக் கேட்டால் முழிப்பார். அதனால் போன் பக்கம் என்னை உட்காரவைத்தார். என் வேலை இரண்டே இரண்டு. பிள்ளைகளின் டீச்சரோடு பேசிக்கொண்டிருப்பது, பாய் தலையசைத்ததும் ஒரு சுவிட்சை மேலே தள்ளுவது. போனுக்கும் ரேடியோவுக்கும் நடுவே அவர் செய்து வைத்த பெட்டியில் இருந்தது அந்த சுவிட்ச். வீராங்கனையின் பதில் எப்படியும் பிள்ளைகளுக்குக் கேட்கும். பிள்ளைகளின் குரல் மேலே போக வேண்டுமானால் சுவிட்ச் மேலே இருக்க வேண்டும். வகுப்பறைக் கூச்சல் முன்கூட்டியே ஆகாசத்துக்கு ஏறிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. முந்தின நாள் ஏழெட்டு முறை தள்ளிப் பழகினேன்.

சனிக்கிழமை முற்பகல். பாய் தன் அடையாளக் குறியைச் சொல்லி மூன்று முறை அழைத்தார். நான்காவது அழைப்பில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல், பிரெஞ்சில் வணக்கம் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூமியிலேயே இல்லாத ஒருத்தி நான் தினமும் கரும்பலகையில் எழுதும் மொழியில் பேசுகிறாளே என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் தலையசைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை.

முதல் பிள்ளையின் குரல் ரேடியோவில் போகவில்லை. "டீச்சர், லைன் இருக்கா?" என்றார். "இருக்கு பாய், புள்ள பேசறது எனக்கு நல்லாக் கேக்குதே!" என்று பதறினேன். பெட்டியின் மேல் என் நோட்டு கிடந்தது, சுவிட்ச் அதன் அடியில். அவர் கண் முழுக்க ரேடியோ முள்ளில். பழுதைத் தேடினால் பத்து நிமிடமும் போய்விடும் என்று தெரிந்துகொண்ட மனிதர், கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். பத்து வருடம் காத்திருந்தவர் ஒரு வார்த்தை தனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். பதில் வந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாவது கேள்வியைச் சரிபார்க்க நோட்டை எடுத்தபோதுதான் சுவிட்சைப் பார்த்தேன். தள்ளினேன். மூன்று பிள்ளைகள் தங்கள் சொந்தக் குரலில் பேசினார்கள். அதற்குள் காலாப்பட்டுப் பக்கம் இறங்கிவிட்டது நிலையம்.

அரை மணி கழித்து ஐரோப்பாவிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா போனில் வந்தார். குரலில் கோபமில்லை. ஒரு வருடம் பயிற்சி எடுத்த பிள்ளைகளில் பதின்மூன்று பேருக்குப் பேசக் கிடைக்கவில்லை, கருவியில் பழுதா, ஆள் தவறா என்று கேட்டார். பாயிடம் தமிழில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆபரேட்டர் மறந்துட்டாருன்னு சொல்லுங்க டீச்சர்."

"பாய், நான்தானே..."

"லைசென்ஸ்ல உங்க பேரா இருக்கு? என் குறியில நடந்தா அது என் தப்பு. சொல்லுங்க."

சொன்னேன். அட்சரம் பிசகாமல், நல்ல இலக்கணத்தோடு, அவர் மறந்துவிட்டார் என்று மொழிபெயர்த்தேன். என் ஆயுசிலேயே நான் செய்த மிகச் சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான். மிகக் கேவலமானதும் அதுதான்.

மரியாதையான ஒரு கடிதம் வந்தது: இப்போதைக்கு வேறு நிலையங்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பாய் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. நான்தான் ஒரு மாதம் மாடிப்படிப் பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன். நோன்பு மாதம் வந்தது. பாயம்மா வழக்கம்போல் கஞ்சி கொடுத்தனுப்பினார். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், பாய் ஹெட்போனோடு உட்கார்ந்து, வேறொரு நாட்டு நிலையம் வழியாக வேறு யாரோ பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பேசும்போது மற்ற ரேடியோக்காரர்கள் அந்த அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கையைக் காட்டி என்னையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கேட்பவர் முகத்தில் பொறாமை இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. எனக்கு அது இன்னும் வலித்தது.

ஆறு வருடம் ஓடியது. இந்த வருடம் நம் பக்கத்து இணைப்பு நிலையக்காரர் ஒருவர் வீடு மாறிப் போனதால் வேறு ஆள் தேவை என்று அதே ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. வீடியோவில் பேச வேண்டும். பாய் கீழே வந்து கூப்பிட்டார். படியேறும்போதே, "போன தடவ நடந்ததக் கேட்டாங்கன்னா, இனிமே மறக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம்" என்றார்.

கேட்டார்கள். அந்த அம்மாவின் தலை இப்போது முழுக்க வெள்ளை. ஆன்டெனாவையும் கருவிகளையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, போன முறை நடந்த தவறு மறுபடி நடக்காது என்று என்ன உறுதி என்றார். பாயிடம் சொன்னேன். "மறக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

நான் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தேன். சுவிட்ச் அவர் பொறுப்பில் இல்லை, என் கையில் இருந்தது என்றேன். தலையசைத்ததை நான் பார்க்கவில்லை, என் நோட்டு சுவிட்சை மறைத்திருந்தது என்றேன். அவர் மறந்தார் என்று அன்று சொன்னது அவர் வாயல்ல, என் வாய் என்றேன். அவர் வாசித்ததால்தான் அந்தப் பதின்மூன்று பிள்ளைகளின் கேள்விக்கும் பதில் கிடைத்தது என்றேன். வகுப்பில் வினைச்சொற்களைத் திருத்தும் நான் அன்று எத்தனை பிழை விட்டேன் என்று தெரியாது.

திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாய் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மறக்க மாட்டேங்கறதச் சொல்ல இவ்ளோ நேரமா டீச்சர்?"

"பிரெஞ்சுல கொஞ்சம் நீளமா வரும் பாய்."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாட்காட்டியைப் புரட்டியபடி இரண்டு வரி பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் பயந்து பார்த்தேன்.

"உங்களுக்கு எந்தத் தேதி தோதுப்படும்னு கேக்கறாங்க பாய்."