ஓரத்துப் பேனல்

ஊரில் அவருக்கு வெயில்காரர் என்று பெயர். மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி சோலார் பேனல் மாட்டுவதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, சலிக்காமல் விளக்குவார்.

"பேனல் வெயில வாங்கி கரண்ட் ஆக்குது. அந்தக் கரண்ட்ட பேட்டரியில சேத்து வச்சுக்கலாம். ஆனா ஃபேனுக்கு, லைட்டுக்கு அப்படியே குடுக்க முடியாது. இந்த இன்வெர்ட்டர் பெட்டி அதுக்குத் தோதா மாத்திக் குடுக்கும். அவ்வளவுதாங்க."

அடுத்து அக்கம்பக்கத்து மரங்களை நோட்டம் விடுவார். "அந்தக் கிளைய வெட்டிடுங்க. பேனல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. ஒண்ணுல நிழல் விழுந்தா வரிசையே படுத்துடும்." யாராவது தயங்கினால் தானே அரிவாளைக் கேட்டு வாங்குவார். அவர் வாயில் விழுந்து தப்பித்த மரம் கிடையாது.

ஒன்றைத் தவிர. அது அவர் வீட்டுக் கொய்யா. மகன் பழம் தின்றுவிட்டு, துணி துவைக்கும் கல்லோரம் துப்பிய விதையில் முளைத்தது. அவன் காய்ச்சலில் இறந்துபோனபோது மரம் அவன் இடுப்பளவுதான் இருந்தது. பிறகு யாரும் அதற்கென்று தண்ணீர் ஊற்றவில்லை. துவைத்த தண்ணீரைக் குடித்தே மளமளவென்று வளர்ந்து, மாடியை எட்டி, அங்கே அவர் மாட்டியிருந்த ஆறு பேனல்களில் ஓரத்துப் பேனலின் மேல் நிழலைப் போட்டுவிட்டது. பேனல்களை நகர்த்தவும் வழியில்லை. மறுபக்கத்தைத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், வேலை பார்த்தார்கள். அவள் மோட்டார் மிஷினில் துணி தைப்பவள். பகலில் தெருவில் கரண்ட் போவது வாடிக்கை என்பதால் சோலாரை நம்பித்தான் அவள் தொழில். பேட்டரி நிறையாமல் மிஷின் நடுத்தையலில் நிற்கத் தொடங்கியது.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

"பெட்டி பழசாயிடுச்சு" என்றார். ஊருக்கே உபதேசம் செய்த வாய், பெண்டாட்டியிடம் கூசாமல் பொய் சொன்னது. பெட்டியையும் மாற்றினார். மிஷின் பழையபடி நின்றது. "பேனல்ல தூசி" என்றார். அவள் தினமும் வெயில் ஏறுமுன் வாளியோடு மாடிக்குப் போய் ஆறு பேனல்களையும் கழுவினாள். பாவம், அப்போதும் நின்றது.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது அவள் கொய்யாவின் அடியில் நின்றிருந்தாள், கையில் அரிவாளோடு.

"நிழல்தானே?" என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா கழுவுன?"

"நீங்க தூசின்னு சொன்னீங்க. சரி, தூசியாவே இருக்கட்டும்னு கழுவுனேன்."

அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், இல்லை அழுகையாவது. எதுவும் வரவில்லை. அரிவாளை அவளிடமிருந்து வாங்கிச் சுவரோரம் வைத்தார். ஒரு கிளையைக் கழித்தாலே போதும். அந்த ஒரு கிளையில் கை வைக்க இருவராலும் முடியவில்லை.

"மிஷினு ஓடணுமேங்க" என்றாள்.

அவர் சோற்றைக்கூடத் தொடாமல் மாடி ஏறினார். சுவிட்சை அணைத்துவிட்டு, ஓரத்துப் பேனலின் வயர்களைக் கழற்றினார். அதைத் தனியே விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் ஒன்றாகக் கோத்தார். எந்த வாடிக்கையாளருக்கும் அவர் இப்படிச் செய்து கொடுத்ததில்லை. சுவிட்சைப் போட்டதும் பெட்டியில் கரண்ட் அளவைக் காட்டும் எண் ஏறியது. கீழே மிஷின் ஓடத் தொடங்கி, நிற்காமல் ஓடியது. அவருக்கு நிம்மதி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவளுக்காக வாளியைத் தூக்கிக்கொண்டு அவரும் மாடிக்குப் போனார். அவள் ஐந்து பேனல்களைக் கழுவிவிட்டு ஆறாவதற்கு நகர்ந்தாள். அதன் மேல் கொய்யா இலைகள் உதிர்ந்து கிடந்தன.

"அதுக்கு வேணாம்மா. அதுலேர்ந்து கரண்ட் வராது, கழட்டிட்டேன்."

"தெரியும்" என்றாள். இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். துணியைப் பிழிந்து, மூலை விடாமல் துடைத்தாள். பிள்ளை முகத்தைத் துடைப்பதுபோல் மெதுவாகத்தான் துடைத்தாள். "அதுக்காக அழுக்கா விட்டுடறதா?"

அவர் வாளியை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.