கவுன்ட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது

இன்று ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில், என் பக்கத்து சீட்டில் ஒருவர் சொந்தமாக வெப்சைட் ஆரம்பித்தார்.

பெயர் இசக்கி. திருநெல்வேலிக்காரர். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"அண்ணே, இதுல போட்டோ எப்படி ஏத்தணும்?"

சொல்லிக்கொடுத்தேன்.

இலவச சைட். பின்னணியில் நட்சத்திரங்கள் மின்னின. மேலே "நல்வரவு" என்று எழுத்து ஓடியது. அதற்குக் கீழே அவருடைய அண்ணன் படம். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போன அண்ணன் தீபாவளிக்குப் பிறகு ரூமுக்குத் திரும்பவில்லையாம்.

"கம்பெனில கேட்டீங்களா?"

"அப்படி ஒரு ஆளே இல்லங்காவ. கான்ட்ராக்டர் வேற எவன் கேட் பாஸ்லயோ உள்ள விட்டிருக்கான். அண்ணன் பேரு அங்க எங்கயுமே இல்ல. இங்கயாவது இருக்கட்டும்னுதான்."

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா இது? ஸ்டாரெல்லாம் எடுத்துடு, கண்ணு கூசுது."

இசக்கிக்கு எடுக்கத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர். இசக்கி ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று கூடியது.

"பாத்தியளாண்ணே, ஆளுக பாக்காவ!"

திறக்கும்போதெல்லாம் அது அவரைத்தான் எண்ணுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா, பாக்கறாங்க" என்றேன்.

லிங்க் முதல் பின்னூட்டத்தில் இருக்கிறது. ஒரு தடவையாவது திறந்து பாருங்கள், நான் சொன்னது பொய்யாகிவிட வேண்டாம். அந்த நட்சத்திரங்களை எடுக்கத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.