பின் வீல் நட்டை முறுக்கியது யார்?

போன சனிக்கிழமை மதியம் பிரஷர் மாத்திரை எடுக்க மேஜை டிராயரைத் திறந்தேன். மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானர் கிடந்தது. காலையில் நான் துடைத்து வைத்தபடியே, ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லாமல்.

மாத்திரையை விட்டுவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

ஒரு ஸ்பானரைப் பார்த்துப் பதறுவானேன் என்று கேட்பீர்கள். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்... மதுரை கோச்சடையில் ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கே இல்லாத மெக்கானிக் ஷெட். இடம் தருவேன். ஸ்பானர், ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் தருவேன். மணிக்கணக்கில் வாடகை. உங்கள் வண்டியை நீங்களே கழற்றி, நீங்களே மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். நான் எதிலும் கை வைக்க மாட்டேன்.

எனக்கு உள்ளது ஒரே ஒரு வேலை. வண்டி கேட்டைத் தாண்டும் முன் எழுந்து போய், ஓனரோடு சேர்ந்து நட்டு போல்ட்டெல்லாம் ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதைக்கூட நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.

ஷெட்டைத் திறந்தபோது பெரிய பெரிய நினைப்பெல்லாம் இருந்தது. அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்ளும் ஊர்! கேட்கவே நன்றாக இருக்கிறதா, இல்லையா? மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான் — எங்கள் ஊர்க்காரர் தன் வண்டியைத் தானே ரிப்பேர் பண்ணவே மாட்டார். பக்கத்து வண்டியைத்தான் பண்ணுவார்.

ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற வருவார். ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சும்மா நிற்க முடியுமா? அடுத்த ஸ்டாண்டில் ஒருவர் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். "தள்ளுங்கண்ணே, இம்புட்டுதானே வேலை?" முடிந்தது. அந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வண்டிக்குப் போய்விடுவார். சண்டை கிடையாது, கூலி கிடையாது. எல்லாம் அன்புதான். அந்த அன்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சனிக்கிழமை அந்த அன்பு முத்துராமன் சாருக்குக் கிடைத்தது. வாடிப்பட்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு துணி எடுக்க மதுரைக்கு வந்தவர், அப்படியே பைக்கின் பின் பிரேக் ஷூவை மாற்றிவிடலாமென்று ஷெட்டுக்கு வந்தார். வீடியோ பார்த்துப் படித்துவிட்டு, ஒரு தாளில் வரிசையாக நம்பர் போட்டு எழுதியும் கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி கவிதா, குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வீலைக் கழற்றும்வரை மனுஷன் தாளைப் பார்த்துத்தான் செய்தார். இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானரை என்னிடம் கேட்டு வாங்கி, நட்டைக் கழற்றியதும் திருப்பிக் கொடுத்தார். நானும் துடைத்து டிராயரில் வைத்தேன். அதை மட்டும் சுவரில் மாட்டுவதில்லை. ஏற்கெனவே இரண்டு காணாமல் போய்விட்டது. பின் வீலின் பெரிய நட்டைக் கழற்றவும் முறுக்கவும் என் ஷெட்டில் அது ஒன்றுதான். வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்டாக வேண்டும்.

வீலைத் திரும்ப மாட்டும்போது உதவிப்படை வந்து சேர்ந்தது. லோடு ஆட்டோ கருப்பசாமி வீலைத் தூக்கினார். ஆயில் மாற்ற வந்த பேங்க்காரர் செயினை இழுத்துப் பிடித்தார். வாரம் தவறாமல் வந்து ஒரே கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் ஒரு ரிட்டயர்டு ஆபீசர், "மாப்ள, பிரேக் ராடை விட்டுட்டீங்களே" என்று உள்ளே கையை விட்டார். வாத்தியார் பாவம், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லும் வேலையில் இறங்கிவிட்டார்.

நான்? நாற்காலியில் இருந்தேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. கம்ப்ரஸர் ஓடவில்லை என்று இரண்டு பேர் என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "வாரேண்ணே" என்று வாத்தியார் வண்டியைக் கிளப்பியபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினேன். நாலு பேர் பார்த்த வேலைதானே...

கால் மணி நேரம் கழித்துத்தான் அந்த டிராயரைத் திறந்தேன். வீலை மாட்டும்போது ஸ்பானரை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

"கருப்பசாமி, பின் வீல் நட்டை டைட் பண்ணுனது யாரு?"

"பேங்க் சாருதாண்ணே."

"நானா? நான் செயினைத்தான் புடிச்சேன். ஆபீசர் சாருல்ல உள்ள கைய விட்டாரு?"

"ஐயையோ, நான் ராடை மட்டுந்தான் மாட்டுனேன். வாத்தியார் பண்ணிருப்பாருன்னு நெனச்சேன்."

வாத்தியாருக்கு எங்கே தெரியும்? மூன்று பெரிய மனிதர்கள் செய்து கொடுத்த வேலை. நட்டைக் கையால் திருகிவிட்டதோடு எல்லோரும் நகர்ந்திருக்கிறார்கள். அந்த நட்டை நம்பி, ஒரு குடும்பம் நாலு வழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது.

ரிஜிஸ்டரில் இருந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத ஒழுங்கான மனுஷன் — அன்றைக்குப் பார்த்து அந்த ஒழுங்கின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஸ்பானரை இடுப்பில் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பரவை தாண்டும்வரை ரோட்டைப் பார்த்து ஓட்டினேனா என்பதே நினைவில்லை. எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டே போனேன். இருக்கக் கூடாதே, இருக்கக் கூடாதே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

சமயநல்லூர் தாண்டி, ஒரு கரும்பு ஜூஸ் கடை முன்னால் கூட்டம் இருந்தது.

இறங்கி ஓடிப் பார்த்தால்... பைக் சைடு ஸ்டாண்டில் நிற்கிறது. வாத்தியார் நிற்கிறார். வேப்பமரத்தடியில் கவிதா, இடுப்பில் குழந்தை. யாருக்கும் ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். பின்னால் உட்கார்ந்திருந்த கவிதாவுக்கு வண்டி ஒரு மாதிரி ஆடுவது தெரிந்திருக்கிறது. "புது பிரேக்கு, அப்படித்தான் இருக்கும்" என்றிருக்கிறார் வாத்தியார். "நிறுத்துங்க, நான் எறங்கணும்" என்று பிடிவாதமாக இறங்கிவிட்டார் அந்தப் பெண். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லையென்றால் இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்குக் கை வந்திருக்காது.

வண்டியைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஜூஸ் கிளாஸோடு ஒருவர் செயின் லூஸ் என்கிறார். இன்னொருவர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுக் காற்று கம்மி என்கிறார். நான் உள்ளே புகுந்து நட்டைத் தொட்டேன். இரண்டு விரலுக்கே சுற்றியது.

ஸ்பானரை உருவினேன். "குடுங்கண்ணே, நான் போடுறேன்" என்று ஒரு கை நீண்டது.

"யாரும் கை வைக்காதீங்க!"

கத்தியது நான்தான். வாத்தியாரிடம் ஸ்பானரைக் கொடுத்தேன். செயினைச் சரிபார்த்து, அவர்தான் முறுக்கினார். முறுக்கியதை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு நட்டை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு தூரம் ஓடி வந்தீங்களேண்ணே" என்றார். நான் இன்னும் கூனிக் குறுகிப் போனேன்.

கவிதா நன்றி சொல்லவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"அங்க எத்தனை பேருண்ணே நின்னு வேலை பாத்தாங்க?"

"உங்க வீட்டுக்காரரோட சேத்து நாலு பேரும்மா."

"அஞ்சுண்ணே. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

குரலில் கோபமே இல்லை. கணக்கு வாத்தியார் வீட்டுப் பெண்ணாக இருந்திருக்கலாம். விடையைத் திருத்தினார், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன்.

அதற்கு மேல் அவர் பைக்கில் ஏறவில்லை. வாத்தியார் தனியாக ஓட்டிப் போக, அம்மாவும் மகளும் பஸ்ஸில் ஏறினார்கள். குழந்தை ஜன்னலிலிருந்து எனக்கு டாட்டா காட்டியது. அதற்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

அன்றிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும், நானே மண்டி போட்டு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறேன். முட்டி போய்விட்டது... போகட்டும்.