நீராகாரம் குடிக்காமல் தஞ்சைக்குப் போன நாள்

பெருமதிப்பிற்குரிய வாசகப் பெருமக்களுக்கு என் பணிவான வணக்கம். சென்ற வாரமே வெளியிடுவதாக வாக்களித்த இக்கட்டுரை காலந்தாழ்ந்து வருவதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுதி வைத்திருந்த முடிவு பயணத்தின் இடையில் மாறிப்போனதே தாமதத்திற்குக் காரணம்.

மன்னார்குடியை அடுத்த எங்கள் ஊரில் எனக்கு மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலம் உண்டு. பண்ணையில் கூலிக்கு நட்ட என் தாயார், குத்தகைத் தகராறுகளையும் தாலுகா அலுவலக அலைச்சலையும் கடந்து தம் பெயருக்குப் பட்டா பெற்ற நிலம் அது. நடவன்று வயலின் வடகிழக்கான சனிமூலையில் முதல் நாற்றை வீட்டுப் பெண்ணே ஊன்றவேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் உடல் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இரண்டாண்டுகளுக்கு முன் வரப்பு என்னைத் தாங்காமல் சரிந்தது. சேற்றிலிருந்து நால்வர் என்னைத் தூக்கினார்கள். “டிராக்டரக் கூப்புடவா அத்தே?” என்று நடவுப்பெண் ஒருத்தி கேட்டதும் வயலே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் இரண்டு நடவையும் சாலையோரம் நின்றே பார்த்தேன். என் நாற்றை வேறொருத்தி ஊன்றினாள்.

ஆகவே எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு ஆலோசனை பெற, ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். உடன் வந்தவர் மன்னார்குடியில் துணிக்கடை நடத்தும் என் தோழி ஜமீலா. காலை 6.10-க்கு ஊரிலிருந்து நகரப் பேருந்து, மகளிர்க்குக் கட்டணமில்லை. 7 மணிக்கு மன்னார்குடியிலிருந்து தஞ்சைப் பேருந்து. தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் நாற்பது ரூபாய், பயணம் ஒன்றேகால் மணி நேரம். மூவர் இருக்கையில் நாங்கள் இருவர் அமர்ந்ததைக் கண்ட நடத்துநர், “இன்னொரு ஆளு ஒக்காரலாங்களே” என்றார். “நீங்க வந்து ஒக்காந்து காட்டுங்க பாப்போம்” என்றார் ஜமீலா. நடத்துநர் வேறு பக்கம் போய்விட்டார்.

வெறும் வயிற்றுடன் வரச் சொல்லியிருந்தமையால் அன்று வழக்கமான நீராகாரம் குடிக்கவில்லை. வடுவூர் ஏரியைக் கடக்கையில் நெஞ்சுக்குள் அனல் ஏறியது. ஏரியின் இருபுறமும் நாற்றங்காலுக்கு உழுது போட்டிருந்தார்கள். வெறுங்காலால் அந்தச் சேற்றை ஒருமுறை மிதித்தால் போதும் என்று தோன்றிற்று. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே பார்த்து வந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எனினும், எதையும் படித்துத் தேறாமல் நான் எங்கும் போவதில்லை. மூன்று வழிகளையும் அறிந்தே சென்றிருந்தேன். முதலாவது, வயிற்றுக்குள் பலூன் வைப்பது. அறுவை இல்லை, சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, ஸ்லீவ், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விடுவது. மூன்றாவது, பைபாஸ், மேலே சிறு பை அமைத்து அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது, வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரை தவறக்கூடாது. நான் முடிவு செய்திருந்தது ஸ்லீவ். குடலைத் தொடாத எளிய வழி என்பது என் எண்ணம்.

தஞ்சைப் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. என் முடிவை முழுதும் கேட்டுவிட்டு, “நல்லா படிச்சிருக்கீங்கம்மா. நெஞ்செரிச்சல் உண்டா?” என்றார்.

“அறவே இல்லை.”

“ஏக்கா, வடுவூர்லேர்ந்து நெஞ்சுல கை வச்சிக்கிட்டே வந்தீங்களே, சத்தியப் பிரமாணமா எடுத்தீங்க?” என்றார் ஜமீலா.

“அது நெஞ்செரிச்சல் இல்ல. நீராகாரம் குடிக்கல, அவ்ளோதான்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “தெனம் குடிக்கலன்னா இப்புடித்தான் இருக்குமா?”

“ஆமாம்.”

“எத்தன வருஷமா?”

“பதினஞ்சு இருக்கும்.”

“அதுக்குப் பேருதாம்மா நெஞ்செரிச்சல்.”

விடியலில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்து அடக்கிக்கொண்டிருந்ததை நான் நோயென்று கருதியதே இல்லை. அன்றே எண்டோஸ்கோப்பி செய்தார்கள். உணவுக்குழாயின் அடியில் புண். “ஸ்லீவ் பண்ணுனா இந்த நெஞ்செரிச்சல் இன்னும் கூடலாம். உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு. ரெண்டுக்கும் சேத்து என்னக் கேட்டா பைபாஸ்தான் சொல்லுவேன். ஆனா முடிவு உங்களோடது,” என்றார். குனிந்து பாரம் தூக்க ஆறு வாரமேனும் ஆகுமாம். நடவைப் பற்றிக் கேட்டேன். “சேத்துல எறங்கி நடுறவங்க யாருக்கும் நான் இதுவரைக்கும் பண்ணுனதில்லம்மா” என்று மறைக்காமல் சொன்னார்.

திரும்புகையில் வடுவூரில் மழைத்தூறல். ஜமீலா உறங்கிவிட்டார். நான் சன்னலை மூடவில்லை. ஈர மண்ணின் வாசனை உள்ளே வந்தபடியே இருந்தது.

இப்பயணம் மேற்கொள்வோர் கவனத்திற்கு: முதல் பேருந்திலேயே செல்க. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்க. அரசுக் காப்பீடு பொருந்துமா என்று முன்னதாகவே விசாரிக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் நீங்கள் உண்பதையும் படும் பாட்டையும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. நாம் பழகிப்போனதை அவர்களே சொல்வார்கள்.

பைபாஸ் என்றே முடிவு செய்துவிட்டேன். தேதி மட்டும் குறிக்கவில்லை. ஆவணி முதல் வாரம் செய்துகொண்டால், புரட்டாசிக் கடைசியில் வரும் நடவுக்கு ஏழெட்டு வாரமே இருக்கும். பைபாஸ் செய்துகொண்டு மீண்டும் வயலில் இறங்கிய பெண்கள் எவரேனும் இதைப் படிப்பீராயின், எத்தனையாவது வாரத்தில் குனிந்து ஒரே ஒரு நாற்று ஊன்ற முடிந்தது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் தேதி சொல்லவேண்டும். விரைந்து பதில் தாருங்கள்.