மரியநேசனின் எஞ்சின் சூடு

முல்லைத்தீவில் வாடகைக்கு வான் வண்டி ஓடும் மரியநேசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றால் அதுவே ஒரு பொய். அவரிடம் ஒரேயொரு பொய் உண்டு: "எஞ்சின் சூடாயிட்டுது." வழியில் பிளேன்ரீ குடிக்க ஆசை வந்தால் எஞ்சின் சூடு. ஞாயிறு பூசைக்குப் பிந்தினால் எஞ்சின் சூடு. மாமியார் வீட்டுக்குப் போக மனமில்லாவிட்டாலும் எஞ்சின்தான் சுடும். பாவம் அந்த வான், ஒருநாளும் சுட்டதில்லை.

போன வருடக் கலியாண நாளில் வேறொரு பொய் சொல்லிப் பார்த்தார். வானொலியின் காலை வாழ்த்து நிகழ்ச்சிக்குப் போன் எடுத்து வாழ்த்தப்போவதாக மனைவி புனிதம் சொல்லியிருந்தா. வவுனியா தாண்டினால் அந்த வானொலி வெறும் இரைச்சல்தான். மனிதர் அன்று தாண்டிவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, "கேட்டனான் புனிதம், என்ன வடிவாக் கதைச்சனீர்!" என்றார். புனிதத்துக்கோ அன்று லைனே கிடைக்கவில்லை. கோபத்தில் அவா மீன் சட்டியை அடுப்பிலேயே வைக்கவில்லை. கடற்கரை வீட்டில் மூன்று நாளும் பருப்புக்கறி.

இந்த வருடம் இருபத்தைந்தாவது கலியாண நாள். இந்த முறையும் போன் எடுப்பதாகப் புனிதம் சொல்லியிருந்தா. அன்றைக்கென்றே வவுனியா தாண்டிப் போகும் விமான நிலைய ஓட்டம் வந்தது. கனடாவிலிருந்து வரும் தங்கள் மகளைக் கூட்டிவர, விசுவமடுவில் ஞானேஸ்வரி அக்காவும் புருஷன் இளையதம்பியும் விடியவே ஏறினார்கள். கிளிநொச்சியில் வான் றேடியோவில் வாழ்த்து நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு வயதுப் பிள்ளையை வாழ்த்த முப்பது பேர். அப்பப்பா, அம்மப்பா, சுவிஸ் மாமா, லண்டன் சித்தி என்று வாசித்து முடியவே மாங்குளம் வந்துவிட்டது. பிறகு நகைக்கடை விளம்பரம். ஓமந்தையிலும் புனிதத்தின் குரலைக் காணவில்லை; அடுத்தது வவுனியா, அதற்குப் பிறகு இரைச்சல்தான். மரியநேசன் வானை ஓரங்கட்டினார்.

"எஞ்சின் சூடாயிட்டுது."

முன்னால் இருந்த இளையதம்பி, எஞ்சின் இருக்கும் தன் சீற்றுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார். "சுடேல்லையே தம்பி?"

"அது உள்சூடு அண்ணை. வெளியில தெரியாது."

"அப்ப றேடியோவையாவது நிப்பாட்டுமன்."

"ஐயோ, அதில கை வையாதேங்கோ!"

அவர் கத்திய கத்தலில் ஞானேஸ்வரி அக்கா திடுக்கிட்டுப் போனா. அந்த நேரம் பார்த்து வானொலியில் புனிதத்தின் குரல் வந்தது.

"வணக்கம். நான் முல்லைத்தீவிலயிருந்து புனிதம் கதைக்கிறன். இண்டைக்கு எங்கட இருபத்தைஞ்சாவது கலியாண நாள்."

"வாழ்த்துகள் அம்மா! உங்கள் கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா?" என்றார் அறிவிப்பாளர்.

"ஓம், கேப்பார். இப்ப வவுனியாவுக்கு இஞ்சால எங்கேயோ வானை நிப்பாட்டிப்போட்டு, எஞ்சின் சூடு எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். வானில இருக்கிற ஆக்கள் கோவிக்காதேங்கோ. எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. அவருக்கு என்னில சரியான விருப்பம், அவ்வளவுதான்."

பாட்டுத் தொடங்கியது. இளையதம்பி சீற்றுக்குக் கீழிருந்த கையை மெல்ல எடுத்தார். வெட்கமும் சந்தோசமுமாக மரியநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியில் கைவைத்தார்.

"பொறும் தம்பி," என்றா ஞானேஸ்வரி அக்கா. "பாட்டு முடியட்டும். அதுவரைக்கும் எஞ்சின் ஆறட்டும்."