அழிக்காமல் விட்ட பன்னிரண்டு நிமிடம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் துடைப்பம். ஒளிபரப்பி முடித்த நாடாக்களைத் துடைத்து, அடுத்த நிகழ்ச்சிக்குத் தயார்செய்து கொடுப்பது அவர் வேலை. நாடாவைக் காந்தப் பெட்டிக்குள் வைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தோரு வருடம் போட்டார். ஓய்வுபெற்ற அன்று ‘பிழையே இல்லாத பதிவேடு’ என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து அதை மாட்டினார். அடக்கமான மனிதர்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம்.

அவர் துடைத்தவற்றில் அவருடைய மனைவியும் உண்டு.

சிரிக்காதீர்கள். மனைவி அதே நிலையத்தில் தட்டச்சர். ‘கடைசிக் கோளின் காவலர்கள்’ என்ற விண்வெளித் தொடர் ஊரையே கட்டிப்போட்டிருந்த காலம். ஒன்பதாம் பகுதியில் விண்கலத்தின் வழிகாட்டியாக நடிக்க வேண்டிய நடிகை வரவில்லை. வசனத்தைத் தட்டச்சு செய்தவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். இயக்குநர் வேறு வழியில்லாமல் அவளுக்கு வெள்ளி உடையை மாட்டிவிட்டார். கலத்தைத் திருப்பச் சொல்லும் தலைவனை எதிர்த்து, கடைசிக் காட்சியில் மூன்று நிமிட வசனம். தடங்கலில்லாமல் ஒரே தடவையில் பேசி முடித்ததாக அவள் சொன்னாள். ஒளிபரப்பான அன்று கணவருக்குப் பணி, அவர் பார்க்கவில்லை. அவருடைய அக்கா பார்த்தாள்.

“நல்லா உளறினா. நடுவுல மறந்துபோய்ப் பேந்தப் பேந்த முழிச்சா. என் கண்ணால பார்த்தேன்.”

வீட்டில் நாலு பேர் கூடும்போதெல்லாம் அக்கா இதைச் சொன்னாள். நாற்பது வருடம் சொன்னாள். இல்லை என்று காட்ட மனைவியிடம் ஒன்றுமில்லை. துடைக்க வரும் நாடாக்களில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. எந்த எண்ணில் தன் மனைவி இருந்தாள் என்பதுகூடத் தெரியாமல், என்றைக்கோ அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். “என்னைத் துடைச்ச மகராசன்” என்பாள் மனைவி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

ஒருநாள் நிலையத்தின் ஆவணப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டாள். தொடரை மறுபடி ஒளிபரப்பப் போகிறார்களாம். பதின்மூன்றில் பன்னிரண்டு பகுதி கிடைத்துவிட்டது. ஒன்பதைத்தான் காணோம்.

“ஒன்பதாம் பகுதி இருநூத்திப் பதினாலாம் நாடா சார். அழிக்கப்பட்டதுன்னு உங்க கையெழுத்து இருக்கு. உறுதின்னா தேடுறதை நிறுத்திட்டு, அந்த இடத்துல ஓவியம் வரைஞ்சு போட்டுடுவோம்.”

“என் கையெழுத்து இருந்தா அழிஞ்சதுதாம்மா” என்று கேடயத்தைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு வைத்தார்.

வைத்த பிறகுதான் அந்த எண் உறைத்தது. இருநூற்றுப் பதினாலா? அது மழையில் நின்றுபோன கால்பந்தாட்டத்தின் நாடா அல்லவா! அதைத் திருப்பித் தரச் சொல்லி விளையாட்டுப் பிரிவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர் அவர். நின்ற ஆட்டம் மறுபடி நடக்கும்வரை தர மாட்டோம் என்றார்கள். ஆட்டம் நடக்கவே இல்லை. நாடா அவர்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அன்று அவர்கள் வந்து நாடா கேட்டபோது ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம்தான் பாக்கி. காந்தப் பெட்டி கேட்பதோ பத்து. நாடாவைத் துடைக்காமலே கொடுத்துவிட்டு, பதிவேட்டில் மட்டும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார். அவசரத்துக்கு அந்த அறையில் எல்லோரும் செய்வதுதான். புதுப் பதிவு ஏறும்போது பழையது தானாக அழிந்துவிடும். ஆனால் அன்றைய ஆட்டம் முப்பத்தெட்டாம் நிமிடத்தில் நின்றது. தொடரின் பகுதியோ ஐம்பது நிமிடம்.

மனைவியின் காட்சி இருந்தது கடைசியில்.

உடனே எழுந்து ஓடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை மனிதர். சொன்னால் கேடயம் பொய். துடைப்பமே குப்பை என்று நிலையம் முழுக்கச் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் காலை, ஓவிய விஷயத்தை மட்டும் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

“ஓவியமா? போகட்டும் விடுங்க. பார்த்து என்ன ஆகப்போகுது” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“அந்தக் கையெழுத்து பொய்ம்மா” என்றார் அதிகாரியிடம், உட்காரக்கூடச் செய்யாமல். மழை, ஆட்டம், ஐந்து நிமிடம், எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

“நீங்க ஒழுங்கா வேலை பார்த்திருந்தா எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காது சார்!”

விளையாட்டுப் பிரிவின் அடித்தட்டில், உடைந்த நாற்காலிக்குப் பின்னால் நாடா கிடைத்தது. அதைச் சுத்தம் செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர இரண்டு வாரம் ஆயிற்று. தாங்கள் வரும்வரை யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, மனைவியோடு அக்காவையும் அவரே நிலையத்துக்கு அழைத்துவந்தார்.

“வாக்கா. நீ பார்த்ததை நாங்களும் பார்க்கிறோம்.”

திரையில் மழை கொட்டியது. ஆட்டக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். படம் இருண்டு, புள்ளி புள்ளியாகப் பொரிந்து, சட்டென்று ஒரு விண்கலத்தின் உள்ளறை தெரிந்தது. வெள்ளி உடையில், இருபத்து மூன்று வயதில், நிமிர்ந்து நின்றாள் அவருடைய மனைவி.

பேசினாள். கலத்தைத் திருப்ப மாட்டேன் என்றாள். நம்மை நம்பி அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றாள். மூன்று நிமிடம், ஒரு சொல் தடுக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தித் தலைவனை உற்றுப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்தாள். பிறகு மிச்சத்தைச் சொன்னாள். அந்தப் பார்வையில் அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அறையே கைதட்டியது. அக்கா மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நான் அதைத்தான் மறந்துட்டான்னு நினைச்சேன்” என்றாள் கடைசியில். “நல்லாத்தான் பண்ணியிருக்கே.”

மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கணவரின் கையைப் பிடித்தாள்.

“உங்க அக்கா சொல்லிச் சொல்லி, நான் உளறினதாத்தான் எனக்கே ஞாபகம் இருந்துச்சுங்க.”

அவர் எழுந்து நின்றார். நிலையத்தில் முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர், கட்டடமே கேட்கும்படி கத்தினார்.

“இன்னொரு தடவை போடுங்க!”