நெற்றியில் ஐந்து தையல்

மர்பி டவுனில் ராஜேந்திரனைக் கண்டு நாய் ஓடாது, பூனை ஓடாது. குழந்தைகள் ஓடும்.

ஆள் பார்க்க ஒன்றும் பயங்கரம் இல்லை. ஐந்தரை அடி உயரம். முன்மண்டையில் முடி போய்விட்டது. படி ஏறினால் முட்டி இரண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போடும். ஆனால் அவருடைய வெளுத்த நீலச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் போதும், கிரிக்கெட் ஆடுகிற பிள்ளை மட்டையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் பூந்துகொள்ளும். சோறு தின்னாமல் அடம் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தத் தெருவில் பூச்சாண்டியே தேவையில்லை. "முழுங்கறியா, ராஜேந்திரன் தாத்தாவக் கூப்புடவா?" என்றால் தட்டு காலி.

அல்சூர் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக அவர் டிரஸ்ஸர். காயம் கழுவ வேண்டும், கட்டுப் போட வேண்டும், தையல் பிரிக்க வேண்டும். ஆனால் அவர் பேர் வாங்கினது அதில் இல்லை. பிடிப்பதில்.

குழந்தைக்குத் தையல் போடுவது என்றால், போடுகிறது பாதி வேலை, பிடிக்கிறது பாதி வேலை. ஒரு பச்சை பெட்ஷீட்டை மேஜைமேல் விரிப்பார். குழந்தையைக் கிடத்துவார். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. கை இரண்டும் உள்ளே போய்விடும். அப்புறம் தலைமாட்டில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அசையாத கண்ணு, இப்ப முடிஞ்சிரும், இப்ப முடிஞ்சிரும்" என்பார். முடியாது. அது அவருக்கும் தெரியும். மரத்துப்போக ஒரு ஊசி, அதற்கப்புறம் நூல் ஊசி, அப்புறம் முடிச்சு. கால் மணி நேரம் ஆகும். அவருடைய இடது முழங்கையில் பல் பதிந்த தழும்பு மட்டும் ஏழு இருக்கிறது. "ராஜேந்திரன் சுருட்டினா சுருட்டினதுதான்" என்று நர்ஸுகள் சொல்லும்போது அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ரொம்ப வருஷம் இருந்தது.

போன வருஷம் ஷில்பா என்று ஒரு டாக்டரம்மா வந்தார். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தார். உள்ளே ஊதா நிறத்தில் பசை.

"தோலை ஒட்டறதா? செருப்பு பிஞ்சாதான் மேடம் ஒட்டுவாங்க" என்றார் ராஜேந்திரன்.

"நோடி ராஜண்ணா. மொதல்ல பாருங்க, அப்புறம் திட்டுங்க."

காயத்தின் இரண்டு விளிம்பையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே பசையைத் தடவி, ஒரு நிமிஷம் விடாமல் பிடித்தால் சரி. கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். ஊசி கிடையாது. தையல் பிரிக்க மறுபடி வர வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்து தானே உதிர்ந்துவிடும். முட்டி, விரல் மடிப்பு, நாய் கடித்தது, சேறு போனது, இதற்கெல்லாம் ஆகாது. முகத்தில் சுத்தமாகக் கிழிந்த சின்னக் காயத்துக்குத்தான்.

எது நல்லது, தையலா பசையா என்று பார்க்க டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார். பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு கவரைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கிற சீட்டு சொல்கிறபடி. தையல் என்றால் தையல், பசை என்றால் பசை. மூன்று மாதம் கழித்துத் தழும்பைப் போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது.

ராஜேந்திரனுக்கு அதில் ஒட்டுதல் இல்லை. பசைக் குழந்தை அம்மா மடியிலேயே உட்கார்ந்திருக்கும். அவர் பக்கத்தில் நின்று, பசை காய நெற்றியில் வாயால் ஊதுவார். இதுக்கு ஒரு ஆளா என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் பேத்தியே வந்தாள்.

மகள் ரூபினி அவரோடுதான் இருக்கிறாள். மருமகன் துபாயில் டிரைவர். பேத்தி சஹானாவுக்கு நாலு வயசு. சாயந்திரம் அவர் பேக்கரியில் ஒரு தில்பசந்த் வாங்கி வருவார். தேங்காய்ப் பூரணத்தை மட்டும் அவள் தோண்டித் தின்றுவிட்டு, மிச்ச ரொட்டியை அவர் டீயில் முக்குவாள். அவர் மடியில் உட்கார்ந்துதான் அது நடக்கும். நாள் பூராவும் மற்றவர் பிள்ளைகள் அலறுவதைக் கேட்ட காதுக்கு அந்த ஒரு அரைமணி நேரம்தான் ஆறுதல்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் வழுக்கி, படியின் இரும்பு விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ரூபினி துண்டை அழுத்திப் பிடித்தபடி ஆட்டோவில் கொண்டுவந்தாள். புருவத்துக்கு மேலே முக்கால் அங்குலம். சுத்தமான காயம். ரூபினி கையெழுத்துப் போட்டாள், டாக்டரம்மா கவரைப் பிரித்தார். பசை.

"நல்லதாப் போச்சுப்பா, ஊசி இல்லியாம்" என்றாள் ரூபினி.

"வேணாம்" என்றார் ராஜேந்திரன். "பொம்பளப் புள்ள நெத்தி. தையல் போடுங்க மேடம்."

"ராஜண்ணா, இந்தக் காயத்துக்கு இதே போதும். நான் சொல்றேன்ல."

"இருபத்தேழு வருஷம் பாத்துட்டேன். தையல்தான் நிக்கும்."

ரூபினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி, ஆராய்ச்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"சரி. ஆனா வேற யாராச்சும் புடிக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

"வேற யாரு புடிச்சாலும் முரட்டுத்தனமா புடிப்பாங்க. நானே புடிக்கிறேன்."

பெட்ஷீட்டை விரித்தார். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ஊசி இறங்கினதும் கண்ணை மேலே தூக்கி, தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தாள். "தாத்தா, வுடு" என்றாள். கத்தவில்லை. கேட்டுப் பார்த்தாள். தாத்தா விடுவார் என்று நம்பித்தான் கேட்டாள். "இப்ப முடிஞ்சிரும்" என்று சொல்லி அவர் இன்னும் அழுத்திப் பிடித்தார். அப்புறம்தான் கத்தினாள்.

ஐந்து தையல். அழகாகத்தான் சேர்ந்தது.

அன்றிலிருந்து சஹானா அவரிடம் வரவில்லை. கூப்பிட்டால் அம்மாவின் நைட்டிக்குப் பின்னால் போய், "தாத்தா பேடா" என்பாள். தமிழில் வேண்டாம் என்றால் போதாது என்று கன்னடத்திலும் சொல்வது போல இருக்கும். தில்பசந்த் தட்டில் கிடந்து எறும்பு ஏறும். "கொஞ்ச நாள்ல மறந்துடுவாப்பா" என்றாள் ரூபினி. கொஞ்ச நாள் ஒரு மாதம் ஆனது. மாதம் மூன்று ஆனது.

இதற்கு நடுவில் போட்டோ வேலையும் அவர் தலையில் விழுந்தது. பாதிப் பேர் தழும்பைக் காட்ட மறுபடி வரவில்லை. "வீடெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் அண்ணா" என்று டாக்டரம்மா ஒரு போனையும் பிளாஸ்டிக் அளவுகோலையும் கொடுத்துவிட்டார். டியூட்டி இரண்டு மணிக்கு முடியும். அதற்கப்புறம் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, சில்க் போர்டு தாண்டி என்று பஸ் மாறி மாறிப் போனார். முட்டி வீங்கிற்று.

நாலைந்து வீடு ஏறியபோதே ஒன்று தெரிந்துபோனது. கதவைத் தட்டி, உள்ளே குழந்தை வீறிட்டுக் கட்டிலுக்கடியில் போனால் அது தையல். "யாரும்மா?" என்று கேட்டபடி வந்து நின்றால் அது பசை. சீட்டைப் பார்க்கவே வேண்டாம். காக்ஸ் டவுனில் ஆறு வயசுப் பெண் ஒன்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. அதனுடைய அம்மா அரைமணி நேரம் கெஞ்சினாள். ராஜேந்திரன் வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் அவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவே போட்டோ எடுத்துக் கொடுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, உங்க சட்டைய பாத்தாலே அவளுக்குக் காய்ச்சல் வருது" என்றாள். மறுநாள் அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். அதுவும் வேலைக்காகவில்லை. முகத்தை எங்கே மாற்றுவது?

கடைசி வீடு அத்திபெலே. அங்கே தருண் என்று ஒரு பையன், ஐந்து வயசு. பசை போட்ட இரண்டாம் நாள் தேய்த்து, ஓரம் லேசாகப் பிரிந்துவிட்டது. பிளாஸ்டர் பட்டை ஒட்டி மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. பசை பிரிந்ததும் அன்றைக்கு ராஜேந்திரனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், நான் சொன்னேன்ல என்று. அந்தத் தழும்பு கேவலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி போனார்.

தருண் வாசலிலேயே இருந்தான். அவரைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ம்மா, ஊதுற தாத்தா வந்துக்கீறாரு!" என்று கத்தினான்.

"எந்தத் தாத்தாடா?"

"ஆஸ்பத்திரில என் மண்டைய ஊதுச்சே, அந்தத் தாத்தா."

கேட்காமலே முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினான். ஓரத்தில் கொஞ்சம் அகலம். மற்றபடி ஒரு வெள்ளைக் கோடு. போட்டோ எடுத்து முடித்ததும், "இன்னிக்கு ஊதலியா?" என்றான். ராஜேந்திரன் குனிந்து ஊதினார். பையன் சிரித்துக்கொண்டே எச்சில் துடைத்தான். அவன் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் டாக்டரம்மா போட்டோவை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டார். பேர் கிடையாது, ஊர் கிடையாது. நெற்றியும் தாடையும் மட்டும்.

"இந்தப் பன்னெண்டுல எது தையல், எது பசை சொல்லுங்க பார்ப்போம். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

ராஜேந்திரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது தையல். அதுவும் தையல், எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க. இது பசை..." பன்னிரண்டும் சொல்லி முடித்தார்.

டாக்டரம்மா சீட்டை வைத்துப் பார்த்தார். ஏழு தப்பு.

"எனக்கு ஆறு தப்பு அண்ணா" என்றார். "பசை ரெண்டு மூணு எடத்துல பிரிஞ்சுது, அது நிஜம். தழும்புன்னு பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "பயம்னு ஒரு கட்டம் உங்க பேப்பர்ல இல்லியா மேடம்?" என்றார்.

"அழுதுதா இல்லையான்னு அன்னிக்கே எழுதிட்டோமே."

"அன்னிக்கு இல்ல. இப்ப. நான் போனா ஓடுதா, ஓடலியான்னு. தையல் போட்டது பதினெட்டு வீட்டுக்குப் போனேன். பதினஞ்சு ஓடுச்சு. பசை பதினாறுல ரெண்டு. அந்த ரெண்டும் கேஸ் சிலிண்டர்காரனப் பாத்தாலும் ஓடும்."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "மறுபடி சொல்லுங்க, மெதுவா" என்றார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "சஹானா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா. தழும்பே தெரியல" என்றார் ராஜேந்திரன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல கையில் தில்பசந்த். கதவு திறந்திருந்தது. ரூபினி பின்னால் துணி அலசுகிற சத்தம் கேட்டது. சஹானா வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அவளுடைய கரடி பொம்மை, கைத்துண்டில் சுருட்டிக் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. இரண்டு உள்ளங்கையாலும் அதன் தலையைப் பிடித்திருந்தாள்.

"அசையாத கண்ணு. இப்ப முடிஞ்சிரும், இப்ப முடிஞ்சிரும்."

அவருடைய குரல். அதே இழுப்பு.

தில்பசந்தைத் தட்டில் வைக்கக்கூட இல்லை, பொட்டலத்தோடு அப்படியே கதவு நிலையைப் பிடித்து உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்த்து எழுந்தாள். ஓடுவதற்கு உள்பக்கம் பார்த்தாள். அவர் கை நீட்டவில்லை.

"டாக்டரம்மா, எனக்கும் நெத்தில அடி பட்டுடுச்சு" என்றார் அவளிடம். கொடியில் கிடந்த போர்வையை உருவித் தரையில் விரித்தார். அதன்மேல் மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்தார். கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூரையில் பல்லி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போர்வையின் ஒரு முனை அவர் மேலே வந்து விழுந்தது. இழுத்தாள். எட்டவில்லை. இந்தப் பக்கம் வந்து அந்த முனையை இழுத்தாள். அதுவும் எட்டவில்லை. கடைசியில் அவர் நெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"தாத்தாவுக்குப் பசை போடும்மா. வலிக்காது" என்றார்.

சஹானா யோசித்தாள். "வேணாம். தையல்தான் நிக்கும்" என்றாள்.

சின்ன உள்ளங்கை இரண்டும் அவர் வழுக்கையை அழுத்திப் பிடித்தன. அப்புறம் ஒரு கையை எடுத்து, சுட்டுவிரல் நகத்தால் நெற்றியில் குத்தினாள். ஒண்ணு. நன்றாகவே குத்தினாள்.

"வுடு கண்ணு" என்றார் ராஜேந்திரன்.

அவள் விரல் நின்றது. அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப முடிஞ்சிரும்" என்றாள்.

ரெண்டு. மூணு. ஈரக் கையோடு ரூபினி வந்து வாசற்படியில் நின்றாள். "இன்னாப்பா இது, தரையில போய் படுத்துக்கினு..."

"பேசாத" என்றார் அவர், தலையைத் திருப்பாமல். "இன்னும் ரெண்டு இருக்கு."

முட்டி இரண்டும் வலியில் தெறித்தன. ராஜேந்திரன் அசையவில்லை.